‘ஸ்வேசிவ்’னு ஒரு சொல்: ‘பர்ஸ்வேசிவ்’ இருக்கும்போது இது எதுக்கு?

சொல்தேடி:
எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா ஒரே ஒரு வாக்கியத்துல முட்டிக்கிட்டு நிக்கறேன், யாராவது கை கொடுங்க. நான் இப்ப மொழிபெயர்க்கிறது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல நடந்த மதுவிலக்குப் பிரச்சாரம் பத்தின ஒரு கட்டுரை. அந்த இயக்கத்துக்காரங்க அச்சடிச்சு விட்ட துண்டறிக்கைகளைப் பத்திப் பேசுற இடத்துல, அதெல்லாம் ‘ஸ்வேசிவ்’வா இருந்துச்சு, ஆனா ‘பர்ஸ்வேசிவ்’வா இருந்தது அபூர்வம்னு எழுதியிருக்கார். முதல் சொல்லோட ஸ்பெல்லிங் எஸ், யு, ஏ, எஸ், ஐ, வி, ஈ. பர்ஸ்வேசிவ்ல முன்னாடி இருக்கிற மூணு எழுத்தை வெட்டிட்டா மிச்சம் என்ன நிக்குமோ அதுதான்.

அச்சுப்பிழைன்னுதான் முதல்ல நினைச்சேன். அகராதியைத் திறந்தா சொல் இருக்கு. பொருள்னு பார்த்தா ‘பர்ஸ்வேசிவ்’னே போட்டிருக்கு, இணங்க வைக்கக்கூடிய, மனசை மாத்தக்கூடிய, அவ்வளவுதான். அதை அப்படியே எடுத்து வச்சா என் வாக்கியம் ‘அந்தத் துண்டறிக்கைகள் இணங்க வைப்பவையாக இருந்தன, ஆனால் இணங்க வைப்பவையாக இருந்தது அபூர்வம்’னு வருது. இதை எப்படிக் கொடுக்கறது? வேலை கொடுத்தவர்கிட்ட கேட்டேன், ரெண்டுல ஒண்ணைத் தூக்கிடுங்க, யாருக்கும் தெரியப்போறதில்லன்னு சொல்லிட்டார். எனக்கு மனசு வரல. எழுதினவர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிருக்கார்னா ஏதோ ஒரு வித்தியாசம் அவர் காதுக்குக் கேட்டிருக்கு. அது என்னன்னு தெரியாம நான் தாண்டிப் போக முடியாது.

மொழிக்கிறுக்கு:
நல்லவேளை தூக்கல. அந்த வாக்கியத்தோட உயிரே அந்த ரெண்டு சொல்லுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் இருக்கு.

லத்தீன்ல ‘சுவாதேரே’ன்னு ஒரு வினை. ஒருத்தருக்கு ஒண்ணை எடுத்துச் சொல்றது, இதைச் செய்யின்னு தூண்டுறது, புத்தி சொல்றது, இதுதான் பொருள். எதிர்ல இருக்கிறவர் கேட்டாரா இல்லையாங்கிறது இதுக்குள்ள இல்ல. அதுக்கு முன்னாடி ‘பெர்’னு ஒரு ஒட்டு சேர்த்தா ‘பெர்சுவாதேரே’. அந்த ‘பெர்’ முழுக்க, கடைசி வரைக்கும்ங்கிற அழுத்தத்தைக் கொடுக்குது. அதாவது எடுத்துச் சொல்றதைக் கடைசி வரைக்கும் கொண்டு போய், அந்தாளைச் சம்மதிக்க வச்சுட்டே வர்றது. ஆங்கில ‘பர்ஸ்வேட்’ இதுல இருந்து வந்தது. ‘டிஸ்வேட்’ அதே வேர்தான், வேணாம்னு தடுக்கிற பக்கம். ஒட்டு எதுவும் இல்லாம மொட்டையா நிக்கிற வினை ஆங்கிலத்துல புழக்கத்துல தங்கல, ஆனா அதோட பிள்ளைங்க தங்கிடுச்சு: ‘ஸ்வேஷன்’, ‘ஸ்வேசிவ்’, இன்னும் அபூர்வமா ‘ஸ்வேசரி’.

ஆக உங்க கட்டுரையாளர் சொல்றது: அந்தத் துண்டறிக்கைகள் தூண்டுற தொனியில, இணங்க வைக்கிற நோக்கத்துல எழுதப்பட்டிருந்துச்சு. ஆனா படிச்சவன் இணங்கினது அபூர்வம். முதல் சொல் அது எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லுது, ரெண்டாவது போய்ச் சேர்ந்துச்சான்னு சொல்லுது.

இன்னொரு அழகும் இருக்கு. ‘சுவாதேரே’வும் லத்தீன்ல இனிமையானன்னு பொருள்படுற ‘சுவாவிஸ்’சும் ஒரே வேர். ஆங்கில ‘ஸ்வீட்’, சமஸ்கிருத ‘ஸ்வாது’, கிரேக்க ‘ஹேதுஸ்’ எல்லாமே அந்தக் குடும்பம். நாகரிகமா, இனிமையாப் பழகுற ஆளை ‘ஸ்வாவ்’னு சொல்றோமே, வலிச்ச இடத்தைத் தணிக்கிறதுக்கு ‘அஸ்வேஜ்’னு ஒரு வினை இருக்கே, அதெல்லாம் ‘சுவாவிஸ்’ பக்கத்துல இருந்து வந்தது. ஒருத்தனுக்கு ஒரு விஷயத்தை இனிப்பா ஆக்கிக் காட்டுறது, அதுதான் அடியில கிடக்கிற படம்.

புதுசா_வந்தவன்:
அப்போ நம்ம ‘சுவை’யும் அதே வேரா அண்ணா? சுவாது, சுவாவிஸ், சுவை, வரிசையா அப்படியே வருதே!

மொழிக்கிறுக்கு:
தம்பி, காதுக்கு ஒண்ணா கேக்குதுங்கிறதை வச்சு முடிவு கட்டக்கூடாது. லத்தீன் ‘தேவுஸ்’, கிரேக்க ‘தேயோஸ்’ ரெண்டுக்கும் கடவுள்னுதான் பொருள், ஒலியும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா வேர் வேற வேற. ஆங்கில ‘மச்’சும் ஸ்பானிஷ் ‘முச்சோ’வும் அப்படித்தான், பொருளும் ஒலியும் ஒத்துப்போகும், உறவு கிடையாது. ஒரு மொழியில இந்த ஒலி இருக்கிற இடத்துலெல்லாம் இன்னொரு மொழியில அந்த ஒலி வருதான்னு பல சொல்லை வச்சுப் பார்த்தாத்தான் சொந்தம்னு சொல்ல முடியும். ஒரே ஒரு சொல்லை வச்சு வேண்டாம்.

அகராதிப்பக்கம்:
கொஞ்சம் குறுக்க வர்றேன், கோவிச்சுக்காதீங்க. மொழிக்கிறுக்கு சொன்ன வேர்ச்சொல் கதை சரிதான், ஆனா ஒரு சொல்லோட இன்னைக்குப் பொருளை அதோட தாத்தாவைக் கேட்டுச் சொல்ல முடியாது. ‘டிசம்பர்’ங்கிற சொல்லுக்குள்ள இருக்கிறது லத்தீன் பத்து. பழைய ரோம நாள்காட்டியில வருஷம் மார்ச்ல ஆரம்பிச்சதால அது பத்தாவது மாசம். அதுக்காக இன்னைக்கு யாராவது அக்டோபரை டிசம்பர்னு சொல்லுவாங்களா? அகராதிகள் ‘ஸ்வேசிவ்’வையும் ‘பர்ஸ்வேசிவ்’வையும் ஒரே பொருளாப் போடுறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல, எழுதுறவங்க அப்படித்தான் பயன்படுத்தியிருக்காங்க. ‘ஸ்வேசிவ் வாய்ஸ்’னு எழுதினா கேக்கிறவங்களை வசப்படுத்துற குரல்னுதான் அர்த்தம், வசப்படுத்த முயற்சி பண்ணித் தோத்துப்போன குரல்னு இல்ல.

அதுவும் போக, ‘பர்ஸ்வேசிவ்’வே வெற்றியை உறுதி பண்ற சொல் இல்லையே. ஒரு வாதம் பர்ஸ்வேசிவ்வா இருந்துச்சு, ஆனா எனக்கு மனசு மாறலன்னு ஒருத்தர் தாராளமா சொல்லலாம், அதுல முரண்பாடு ஒண்ணும் இல்ல. ‘பர்ஸ்வேட்’ங்கிற வினைதான் வெற்றியைச் சொல்லுது. ‘அவரை பர்ஸ்வேட் பண்ணேன், அவர் ஒத்துக்கல’ன்னு ஆங்கிலத்துல சொல்ல முடியாது. பெயரடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

மொழிக்கிறுக்கு:
நீங்க சொல்ற ரெண்டையும் ஒத்துக்கறேன், நான்தான் கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். தனியா நிக்கும்போது ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ‘ஸ்வேசிவ்’னா எப்பவுமே தோத்துப்போனதுன்னு நான் சொன்னா அது தப்பு.

ஆனா ஒரே வாக்கியத்துல ரெண்டையும் வச்சு நடுவுல ‘ஆனா’ போட்டுட்டா கதையே வேற. அப்ப எழுதுறவர் வேணும்னே அந்த ‘பெர்’ ஒட்டைத் தட்டி எழுப்புறார். படிக்கிறவன் அந்த மூணு எழுத்தைக் கவனிச்சே ஆகணும். அகராதியில இல்லாத வித்தியாசத்தை அந்த வாக்கியம் உண்டாக்கிக்குது. அதனாலதான் மொழிபெயர்க்கிறவருக்கு அகராதி கை கொடுக்கல.

இந்த முயற்சி வேற, முடிவு வேறங்கிற எண்ணம் ரொம்பப் பழசு. அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பத்தி எழுதும்போது, இந்தக் கலையோட வேலை இணங்க வைக்கிறது இல்ல, ஒவ்வொரு விஷயத்துலயும் இணங்க வைக்க என்ன வழியெல்லாம் இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான்னு தெளிவா சொல்றார். அதுக்கு மருத்துவத்தை எடுத்துக்காட்டா வைக்கிறார்: ஆளைக் குணப்படுத்தியே தீரணும்ங்கிறது வைத்தியரோட கடமை இல்ல, குணத்தை நோக்கி எவ்வளவு தூரம் கொண்டு போக முடியுமோ அவ்வளவு கொண்டு போறதுதான் கடமை, பிழைக்க மாட்டாதவனுக்கும் நல்லா வைத்தியம் பார்க்கலாம் இல்லையான்னு.

இரவுப்பணி:
வைத்தியம்னதும் நான் பேசாம இருக்க முடியல. நான் நர்ஸ். எங்க கேஸ் ஷீட்ல இந்த வித்தியாசத்தை நாங்க தினமும் எழுதறோம், அதுக்கு இப்படி ஒரு சொல் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

போன மாசம் ஒரு பெரியவர், ஊசி வேணவே வேணாம்னு சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். நான் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பேசினேன், போட்டா என்ன ஆகும் போடலன்னா என்ன ஆகும்னு எடுத்துச் சொன்னேன், அவர் பேத்தி பேரைச் சொல்லி ‘தாத்தா எப்ப வருவார்னு கேட்டாளாமே’ன்னு சொன்னேன், அப்ப மட்டும் லேசா திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், கடைசி வரைக்கும் கையை நீட்டல. ஷீட்ல எழுதும்போது ரெண்டு வரி. ஒண்ணு, நோயாளிக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. ரெண்டு, நோயாளி மறுத்துவிட்டார். முதல் வரியை எழுதாம ரெண்டாவதை மட்டும் எழுதினா நாங்க ஒண்ணுமே பண்ணலன்னு ஆயிடும். முதல் வரியை மட்டும் எழுதினா ஊசி போட்டாச்சுன்னு அடுத்த ஷிப்ட்ல இருக்கிறவங்க தப்பா எடுத்துக்குவாங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க சீனியர் சிஸ்டர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாங்க, நீ சொன்னதை எழுது, அவங்க செஞ்சதை எழுது, ரெண்டையும் சேர்த்துக் குழப்பாதன்னு.

வீட்டுக்கு வந்து இதைப் பத்திப் பேசும்போது நான் என்ன சொல்லுவேன்? ‘எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்கல’ன்னுதான் சொல்லுவேன்.

சொல்தேடி:
அக்கா, அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். ‘சொல்லிப் பார்த்தேன்.’ அதுதானே! நான் நாலு நாளா ஆங்கில-தமிழ் அகராதியில ஒரு பெயரடையைத் தேடிக்கிட்டு இருந்தேன், தமிழ்ல அந்த வேலையைப் பெயரடை செய்யல, துணைவினை செய்யுது. ‘கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், கால்ல விழுந்து பார்த்தேன், கடைசியில அவங்க அம்மாவை விட்டுப் பேசித்தான் ஒத்துக்க வச்சேன்.’ இதுல ‘பார்’ வர்ற இடமெல்லாம் ஸ்வேசிவ், ‘வை’ வர்ற இடம் பர்ஸ்வேசிவ். லத்தீன்காரன் முன்னாடி ஒட்டி வச்ச ‘பெர்’ருக்கு நாம பின்னாடி ‘வை’யை ஒட்டறோம். ஒரு சின்னப் பிள்ளைகூட இதைத் தப்பாப் பேசாது.

அப்ப என் வாக்கியம், ‘அந்தத் துண்டறிக்கைகள் இணங்க வைக்கப் பார்த்தன, இணங்க வைத்தது அபூர்வம்.’ சரியா வருதா?

இலக்கணப்பித்து:
கிட்ட வந்துட்டீங்க, ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ‘சொல்லிப் பார்த்தான்’ வேற, ‘சொல்லப் பார்த்தான்’ வேற. முதல்ல, சொல்லியாச்சு, அது வேலை செய்யுதான்னு பார்த்தாச்சு. ரெண்டாவதுல, சொல்ற வரைக்கும் போனான், சொன்னானா இல்லையான்னே தெரியாது. ‘விழப் பார்த்தான்’னா விழுந்திருப்பான், தப்பிச்சுட்டான். ‘விழுந்து பார்த்தான்’னா விழுந்துட்டான்.

நீங்க போட்டிருக்கிற ‘வைக்கப் பார்த்தன’ ரெண்டாவது வகை. இலக்கணம் சரி, ஆனா அந்த வகைக்குப் பேச்சுல ஒரு கெட்ட வாடை ஒட்டிக்கிட்டு இருக்கு. ‘என்னை ஏமாத்தப் பார்க்கிறியா’, ‘கவுக்கப் பார்த்தான்’, ‘அமுக்கப் பார்த்தாங்க’ன்னுதான் அது அதிகமா வரும். உங்க துண்டறிக்கை எழுதினவங்க சூழ்ச்சி பண்ணவங்களான்னு பாருங்க. இல்லன்னா அந்த வாடை அவங்க மேல படக்கூடாது.

இது இருக்கட்டும், ‘ஸ்வேசிவ்’ இன்னைக்கு உண்மையாவே உயிரோட இருக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்லல. ஆங்கில இலக்கணம். 1985ல கிவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நாலு பேரும் சேர்ந்து வெளியிட்ட பெரிய இலக்கண நூல்ல ‘ஸ்வேசிவ் வெர்ப்ஸ்’னு ஒரு வகை பிரிச்சிருக்காங்க. டிமாண்ட், ரெக்கமெண்ட், ப்ரொபோஸ், அர்ஜ், இன்சிஸ்ட் மாதிரி வினைகள். ஒருத்தர் ஒண்ணைச் செய்யணும்னு உந்துற வினைகள். செஞ்சாரா இல்லையாங்கிறது பின்னாடி வர்ற கதை. இதுக்கு எதிர்ல ‘ஃபேக்சுவல்’ வினைகள், சே, நோ, பிலீவ் மாதிரி, நடந்ததையோ நம்புறதையோ சொல்றது.

இதுல ‘இன்சிஸ்ட்’ ரெண்டு பக்கமும் நிக்கும். ‘ஷி இன்சிஸ்டட் தட் ஹி லீவ்’, ‘ஷி இன்சிஸ்டட் தட் ஹி லெஃப்ட்’. ஒரே வினை, கடைசி சொல்லோட வடிவம் மட்டும் மாறியிருக்கு, ரெண்டு வேற உலகம். முதல்ல அவன் இன்னும் அங்கதான் நிக்கறான், கிளம்புன்னு அவ சொல்றா. ரெண்டாவதுல அவன் போய் ரொம்ப நேரமாச்சு, போனானா இல்லையான்னு யாரோ சந்தேகப்படறாங்க, அவ போயிட்டான்னு சாதிக்கிறா. முதல்ல ‘லீவ்ஸ்’னு எஸ் வரக்கூட விடாம மொட்டையா நிக்குதே, அந்த மொட்டை வடிவம்தான் இது ஸ்வேசிவ்னு காட்டுற அடையாளம். பிரிட்டிஷ் ஆங்கிலத்துல ‘ஷுட் லீவ்’னு போடுற பழக்கமும் அதிகம்.

தமிழுக்கு வந்தா நமக்கு இந்தக் குழப்பமே வராது. ‘அவன் போகணும்னு வற்புறுத்தினா’, ‘அவன் போயிட்டான்னு அடிச்சுச் சொன்னா’. நாம வினையையே மாத்திடறோம். பரீட்சைத் தாள் திருத்தறப்ப நான் பார்க்கிற தப்பு இதுதான், ரெண்டு இடத்துலயும் ‘வற்புறுத்தினாள்’னே எழுதுவாங்க, ரெண்டாவது வாக்கியம் உளறலாப் போயிடும்.

புதுசா_வந்தவன்:
சார், இந்த வகையை வேற எங்கயாவது பயன்படுத்தறாங்களா, இல்ல இலக்கணப் புத்தகத்தோட சரியா?

இலக்கணப்பித்து:
பயன்படுத்தறாங்க. மொழியியலாளர் டக்ளஸ் பைபர் 1988ல பேச்சு, எழுத்து நடைகளை ஒப்பிட்டுப் பண்ணின ஆய்வுல 67 மொழிக்கூறுகளை எண்ணிப் பார்த்தார், அதுல ஸ்வேசிவ் வினையும் ஒண்ணு. ஒரு எழுத்துல இந்த வினைகளும், ‘மஸ்ட்’, ‘ஷுட்’ மாதிரி கட்டாயம் சொல்ற துணைவினைகளும், ‘இஃப்’ வாக்கியங்களும் கூடி வந்தா அந்த எழுத்து வெளிப்படையாவே யாரையோ இணங்க வைக்க முயற்சி பண்ணுதுன்னு அந்த ஆய்வு அடையாளம் காட்டுது. கவனிங்க, படிச்சவன் இணங்கினானான்னு அதுல அளக்கவே இல்ல, அளக்கவும் முடியாது. எழுத்து எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னுதான் அளக்கறாங்க. ஸ்வேசிவ்ங்கிற சொல் அங்க கனகச்சிதமா உக்காருது.

பழையபாடம்:
வரலாறு பக்கத்துல இருந்து நான் ஒண்ணு சொல்லணும், ஏன்னா சொல்தேடியோட கட்டுரை மதுவிலக்குப் பத்தினதுன்னதும் எனக்குப் பொறி தட்டிடுச்சு. அந்த ஆள் ‘ஸ்வேசிவ்’னு எழுதினது சும்மா அலங்காரத்துக்கு இல்ல. அந்தக் காலத்துல அந்த இயக்கத்தோட கொள்கைப் பேரே ‘மாரல் ஸ்வேஷன்’. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டாம், குடிக்கிறவன் மனசாட்சியோட பேசுவோம், அவனே விடட்டும். 1826ல பாஸ்டன்ல அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தொடங்கினப்ப உறுதிமொழி வாங்குறது, சொற்பொழிவு, துண்டறிக்கை, இதுதான் ஆயுதம். 1840ல பால்டிமோர்ல ஆறு குடிகாரங்க சேர்ந்து ஆரம்பிச்ச வாஷிங்டோனியன் இயக்கம் இன்னும் ஒரு படி மேல போச்சு. அங்க பாதிரியார் வந்து பாவம்னு பேச மாட்டார். குடிச்சு எல்லாத்தையும் தொலைச்சவனே மேடையில ஏறித் தன் கதையைச் சொல்லுவான். அப்புறம் இதெல்லாம் போதாதுன்னு ஒரு பக்கம் பேச்சு கிளம்பி, ‘லீகல் ஸ்வேஷன்’னு இன்னொரு சொல்லை உண்டாக்கினாங்க, 1851ல மெய்ன் மாகாணம் மதுவிலக்குச் சட்டமே போட்டுடுச்சு.

அடிமை ஒழிப்பு இயக்கத்துலயும் இதே சொல்தான் நடுவுல நின்னுச்சு. வில்லியம் லாயிட் கேரிசன் 1831ல தன் பத்திரிகையை ஆரம்பிச்சதுல இருந்து மாரல் ஸ்வேஷன்தான் வழின்னு நின்னார், அரசியலே வேண்டாம்னார். அடிமைத்தனத்துல இருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் முதல்ல அவரோட அணியில இருந்து பேசினவர், பிறகு வெறும் பேச்சால மட்டும் இது முடியாதுன்னு அரசியல் பாதைக்குப் போனார், ரெண்டு பேருக்கும் பிரிவே வந்துச்சு. முதுகுல சாட்டையடி வாங்கினவர்கிட்ட போய் எஜமானோட மனசாட்சிக்குக் காத்திருன்னு எவ்வளவு நாள் சொல்ல முடியும்? எனக்கு இந்த இடத்துல டக்ளஸ் பக்கம்தான் நியாயம்னு படுது. ‘ஸ்வேஷன்’ங்கிற சொல் முடிவைத் தனக்குள்ள வச்சுக்காததாலதான், அது போதுமா போதாதாங்கிற சண்டையே அவ்வளவு பெருசா நடந்துச்சு.

அதனால சொல்தேடி, அந்தத் துண்டறிக்கை எழுதினவங்க சூழ்ச்சிக்காரங்க இல்ல. இலக்கணப்பித்து சொன்ன அந்த வாடை அவங்களுக்குப் பொருந்தாது.

அகராதிப்பக்கம்:
மாரல் ஸ்வேஷன் இன்னைக்கும் பொருளாதாரப் பாடத்துல வருது, யாரும் சொல்லலையேன்னு சேர்க்கறேன். மத்திய வங்கி சட்ட உத்தரவு போடாம, வங்கிகளைக் கூப்பிட்டு, இந்த வகைக் கடனைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு கேட்டுக்கறதுக்கு அதுதான் பேர். கேட்டாலும் கேக்கலாம், கேக்காமயும் போகலாம், ஆனா கேக்கறது யாருங்கிறது வங்கிக்குத் தெரியும். மொழிக்கிறுக்கு சொன்னதுக்கு இது பலம் சேர்க்குது, நானே ஒத்துக்கறேன். இங்க ‘பர்ஸ்வேஷன்’னு போட்டு எழுதினா யாருக்கும் புரியாது, இது அப்படியே நிலைச்சுப்போன தொடர்.

வரப்போரம்:
நான் இங்க அதிகம் எழுதாதவன், ஆனா தமிழ்ப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லத் தோணுது. ஆத்திசூடியில ‘ஞயம்பட உரை’ன்னு இருக்கு. இனிமை தோணும்படி பேசுன்னு சொல்லுது, அவ்வளவுதான். கேட்டவன் என்ன செஞ்சான்னு அவ்வைக்குக் கவலை இல்ல, பேசுற விதம்தான் பேச்சு. குறள்ல சொல்வன்மை அதிகாரத்துல 643ஆவது பாட்டு, ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’. இதுல ‘பிணிக்கும்’னு ஒரு வினை விழுது பாருங்க. கேட்டவனைக் கட்டிப்போட்டாச்சு, தப்பிக்க முடியாது. கேக்காதவனும் கேக்கணும்னு ஆசைப்படறான். முடிவையும் சேர்த்துத்தான் வள்ளுவர் சொல்லுன்னே ஒத்துக்கறார். எனக்கு என்னமோ முதல்ல இருக்கிறது ஸ்வேசிவ், ரெண்டாவது பர்ஸ்வேசிவ்னு படுது. அதுவும் ‘ஞயம்’னா நயம், இனிமை. மொழிக்கிறுக்கு சொன்ன அந்த இனிப்பு இங்கயும் இருக்கு.

மொழிக்கிறுக்கு:
வரப்போரம் ஐயா, அடிக்கடி எழுதுங்க. ‘நயம்’ங்கிற சொல் எனக்கு விடிய விடிய யோசிச்சாலும் வந்திருக்காது.

நீங்க சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். பழைய ரோமப் பள்ளிக்கூடத்துல ‘சுவாசோரியா’ன்னு ஒரு பயிற்சி, பேச்சுக்கலை படிக்கிற சின்னப் பசங்களுக்கு. வரலாற்றுலயோ புராணத்துலயோ வர்ற ஒரு ஆள் ஒரு முடிவு எடுக்கிற நேரத்துல நிக்கறார், நீ அவர்கிட்ட போய்ப் பேசு, செய்யின்னோ வேணாம்னோ சொல்லு. ரோம எழுத்தாளர் மூத்த செனெக்கா எழுதி வச்சதுல இந்த மாதிரி 7 தலைப்பு நமக்குக் கிடைச்சிருக்கு. கடலைத் தாண்டிப் போகலாமான்னு அலெக்சாந்தர் யோசிக்கிறார், மகளைப் பலி கொடுக்கலாமான்னு அகமெம்னான் யோசிக்கிறார். கடைசித் தலைப்பு ரோமப் பேச்சாளர் சிசரோ. உன் எழுத்தையெல்லாம் எரிச்சுட்டா உயிரோட விடறேன்னு அவரோட எதிரி ஆண்டனி சொன்னா சிசரோ எரிக்கலாமா? இதுல எரிச்சுடுங்க, உயிர் முக்கியம்னு பேசினவர் ஒருத்தரைக்கூடத் தனக்குத் தெரியாதுன்னு செனெக்கா எழுதறார். எல்லாரும் சிசரோவோட புத்தகத்துக்காகத்தான் கவலைப்பட்டாங்களாம், சிசரோவுக்காக யாரும் கவலைப்படலையாம்.

யோசிச்சுப் பாருங்க, அந்தப் பையன் அவ்வளவு உருக்கமாப் பேசுற நேரத்துல சிசரோ செத்து வருஷக்கணக்கா ஆச்சு, பொ.ஆ.மு. 43லயே கொன்னுட்டாங்க. அந்தப் பேச்சு யாரையும் இணங்க வைக்கவே முடியாது, காது கொடுக்க ஆளே இல்ல. ஆனாலும் அது முழுக்க முழுக்க ‘சுவாசோரியா’தான். முடிவே இல்லாத தூண்டல். இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியல.

புதுசா_வந்தவன்:
எனக்கு ஒரு நடைமுறை சந்தேகம். நான் வேலைக்கு அனுப்பின ஒரு கடிதத்துல ‘ஸ்வேசிவ் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’னு எழுதியிருந்தேன், எங்கயோ பார்த்த சொல், அழகா இருக்கேன்னு போட்டேன். இன்டர்வியூல உக்காந்திருந்தவர் அந்த வரிக்குக் கீழ பேனாவால கோடு போட்டு, ‘இவேசிவ்னு எழுத வந்தீங்களா?’ன்னு கேட்டார். நழுவுற குணம்னு நானே என்னைப் பத்தி எழுதின மாதிரி ஆயிடுச்சு. எனக்கு விளக்கிச் சொல்லவும் தெரியல. அப்ப இந்தச் சொல்லை எழுதவே கூடாதா? உச்சரிப்பும் சொல்லிடுங்க.

அகராதிப்பக்கம்:
உச்சரிப்பு ‘ஸ்வே-சிவ்’, முதல் அசையில அழுத்தம். ‘சூ-ஆ-சிவ்’ இல்ல.

எழுதவே கூடாதுன்னு இல்ல தம்பி, ஆனா வேலைக் கடிதம் அதுக்கான இடம் கிடையாது. படிக்கிறவர் ஒரு நொடி நின்னு இது சரியா தப்பான்னு யோசிச்சா அந்த நொடி உங்களுக்கு நஷ்டம். அங்க ‘பர்ஸ்வேசிவ்’ போதும். இலக்கணம் பேசும்போது, பேச்சுக்கலை பேசும்போது, முயற்சியையும் முடிவையும் எதிரெதிரா நிறுத்தணும்னு தேவை வரும்போது ‘ஸ்வேசிவ்’வை எடுங்க. உங்களைக் கேட்டவர்கிட்ட அந்தச் சொல் இருக்குன்னு ஒரு மெயில் அனுப்பியிருந்தாக்கூடத் தப்பில்ல, சொல் உங்க பக்கம்தான்.

இரவுப்பணி:
சொல்தேடி, உங்க வாக்கியம் என்ன ஆச்சு? நான் ஷிப்ட் முடிஞ்சு வந்து அதைத்தான் தேடினேன்.

சொல்தேடி:
இன்னைக்குக் காலையிலதான் அனுப்பினேன் அக்கா. இலக்கணப்பித்து சொன்னதைக் கேட்டு ‘வைக்கப் பார்த்தன’வை எடுத்துட்டேன், பழையபாடம் சொன்னதுக்கு அப்புறம் அவங்க மேல கெட்ட வாடை பட விட முடியாது. வரப்போரம் ஐயா கொடுத்த நயமும், நீங்க கொடுத்த ‘சொல்லிப் பார்த்தேன்’னும் சேர்ந்து இப்படி ஆச்சு: ‘அந்தத் துண்டறிக்கைகள் நயமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தன, இணங்க வைத்தது அபூர்வம்.’ துண்டறிக்கை எப்படிச் சொல்லிப் பார்க்கும்னு யாராவது கேப்பாங்களோன்னு ஒரு ராத்திரி யோசிச்சேன், அறிக்கை சொல்லுது, கடிதம் சொல்லுதுன்னு நாம சொல்றதுதானே, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

வேலை கொடுத்தவர் மத்தியானம் கூப்பிட்டார். ரெண்டு சொல்லையும் வச்சுட்டீங்களேன்னு கேட்டார், ஆமாங்க, ரெண்டும் வேறன்னேன். திரும்ப ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சார். சரி, இருக்கட்டும்னு சொல்லிட்டார்.